ரோலர் கோஸ்டருக்கு இரண்டு நடுவர்கள்

“முதல் இறக்கம்தான் மச்சான் உயிர். அது சப்பெண்டு இருந்தால் மிச்சமெல்லாம் சும்மா ரெயில் பயணம்,” என்றான் நிரோஜன், மூன்றாவது மரக்கறி ரோல்ஸைக் கடித்தபடி.

“விசர்க் கதை கதையாதை. கிணத்துக்க விழுற வாளியும்தான் இறங்குது. மேட்டில ஏறித் திரும்பேக்க கதிரையை விட்டு ஒரு செக்கன் எழும்புவம் பார், அதுதானடா ரோலர் கோஸ்டர்!” அஸ்மின் நான்காவதை எடுத்தான்.

இந்தச் சண்டைக்கு ஆறு வயது. நிரோஜனுக்கு நெளுக்குளத்தில் போன் திருத்தும் கடை. அஸ்மினுக்கு வவுனியா ரவுனில் புடைவைக் கடை. இருவரும் அட்மினாக இருக்கும் முகநூல் குழுவின் பெயர் ‘வன்னி ரோலர் கோஸ்டர் ரசிகர்கள்’. உலகத்தில் ஓடுகிற அத்தனை ரோலர் கோஸ்டருக்கும் வீடியோ பார்த்தே புள்ளி போட்டுவிட்டார்கள். ஏறியதுதான் ஒன்றிலும் இல்லை.

இப்போது ஒட்டுசுட்டான் காட்டோரத்தில் ஒன்று வந்துவிட்டது. சித்திரைப் புதுவருடத்துக்குத் திறப்பு விழா. பூங்காவைக் கட்டிய தாட்சாயினி அக்காவே நேற்று குழுவுக்குச் செய்தி போட்டிருந்தார். “நாளைக்குக் காலமை வந்து ஏறிப் பாருங்கோ. வடிவாச் சாப்பிட்டிட்டு வாங்கோ.”

சந்தோசத்தில் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. உடனே பந்தயம். ரோலர் கோஸ்டரைத் திறமாக்குவது இறக்கமா, எழும்பலா? அக்கா சொல்வதே தீர்ப்பு. தோற்றவன் அட்மின் பதவியை விட்டுவிட வேண்டும். வீட்டிலும் கடையிலும் இவர்கள் சொல்வதை ஒருவரும் கேட்பதில்லை. குழுவில்தான் நாலு பேர் “அட்மின் அண்ணா” என்கிறார்கள். அதுவும் போனால் என்ன மிச்சம்?

இன்று பூங்காவுக்குக் கூடவே ரஜிதனும் வந்திருந்தான். டுபாயில் வேலை செய்தபோது நிசமாகவே பதினொரு ரோலர் கோஸ்டரில் ஏறியவன். ஆள் ஈர்க்கில் மாதிரி ஒல்லி.

வேலி ஒரு பக்கம் பிய்ந்து கிடந்தது. அதைத் தாண்டி வந்த அக்கா மூவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, நீங்கள் இங்கயே நில்லுங்கோ,” என்றார் ரஜிதனிடம். “அவை ரெண்டு பேரும் போதும்.”

“அக்கா, உண்மையா ஏறினவன் நான்தான்!” ரஜிதனுக்கு அழுகை வராத குறை.

“பரவாயில்லையப்பு. இன்னொரு நாளைக்குப் பாப்பம்.”

“அனுபவம் வேற, அறிவு வேற,” என்று நிரோஜன் அஸ்மினின் காதைக் கடித்தான். “அக்கா விளங்கின மனுசி.”

வண்டியில் ஏறி அமர்ந்ததும் நிரோஜனின் கையில் ஏதோ குத்தியது. கதிரை இடுக்கு முழுவதும் நெல்மணிகள்.

“பாத்தியே, நிறைகுடத்துக்குப் பரப்பின நெல்லு. பூசை போட்டிருக்கினம்.”

“கதிரையிலயா நிறைகுடம் வைக்கிறது?”

“புது வாகனமெல்லே! எங்கட ஆக்கள் எதிலயும் வைப்பினம்.”

“உங்கட சடங்கு உங்களுக்குத்தான் தெரியும்,” என்று அஸ்மின் விட்டுவிட்டான்.

இரும்புப் பட்டியை வயிற்றோடு அழுத்திப் பூட்ட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தண்டவாளத்தின் ஓரத்தில் கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர் கோப்பும் பேனையுமாக நின்றார். அவருக்குப் பக்கத்தில் அக்கா, “பிள்ளையாரப்பா, இண்டைக்குக் கைவிட்டிடாதை” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“எங்கட தீர்ப்புக்குப் பயந்து நடுங்குறா, பாவம்,” என்றான் நிரோஜன்.

வண்டி கடகடவென்று ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. கீழே குளமும் வயலும் தெரிந்தன. பிறகு ஒன்றும் தெரியவில்லை. “அம்மோவ்!” என்ற சத்தமும் “யா அல்லாஹ்!” என்ற சத்தமும் வெளியே நின்ற ரஜிதனுக்குத் தெளிவாகக் கேட்டன. கேட்டதில் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மூன்று சுற்று முடிந்து வண்டி நின்றது. இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஆளையாள் பார்த்தார்கள்.

“எப்பிடி இறக்கம்?” என்றான் அஸ்மின்.

“கண்ணை மூடிட்டன் மச்சான். நீ எழும்பினியோ?”

“பட்டி வயித்தை விட்டால்தானே எழும்புறதுக்கு!”

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணீரும் வந்தது. இப்படியொரு சந்தோசத்தை ஆறு வருடமாகப் போனிலேயே பார்த்துக்கொண்டிருந்தோமே என்று இருவருக்கும் தங்கள்மேலேயே கோபம் வந்தது.

இஞ்சினியர் கோப்பில் கையெழுத்துப் போட்டார். அக்கா ஓடிவந்து இருவரின் கைகளையும் பிடித்துக்கொண்டார். “தம்பிமார், நீங்கள் வராட்டி நான் புதுவருசத்துக்குத் திறந்திருக்கேலாது. கோடி புண்ணியம்!”

நிரோஜனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “அப்ப தீர்ப்பைச் சொல்லுங்கோ அக்கா. இறக்கமோ, எழும்பலோ? எங்கட கதையெல்லாம் கேட்டனீங்கள்தானே?”

“என்ன கதை தம்பி?”

இருவரின் முகமும் சுருங்கியது. “சரி, இத்தனை பேருக்குள்ள எங்கள் ரெண்டு பேரையும் ஏன் தெரிவு செய்தனீங்கள் எண்டாவது சொல்லுங்கோ,” என்றான் அஸ்மின்.

அக்கா பிய்ந்து கிடந்த வேலியைக் கையால் காட்டினார்.

“பாரத்துக்கு வைச்சு ஓட்டின நாலு நெல்லு மூட்டையையும் முந்தநாள் யானை திண்டிட்டுது, தம்பி!”