சுளுக்கு

“அம்மா, அப்பா பின்னின ஜடை கயிறு மாதிரி இருக்கு!” என்று சிணுங்கினாள் மகள்.

“நேத்து தொடப்பம்னு சொன்னே. இன்னிக்குக் கயிறுன்னா முன்னேற்றம்தானே?” என்றான் அப்பா.

சோபாவில் கட்டுப் போட்ட காலை நீட்டியிருந்த மனைவிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே உறுத்தலும். துண்டு எங்கே என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுக்கிற மனுஷன், அவள் காலில் கட்டு ஏறிய நாளிலிருந்து சமையல், பாத்திரம், மகளைக் குளிப்பாட்டுவது என்று பம்பரமாகச் சுற்றுகிறான். கட்டை அவிழ்த்தால் பழைய குருடி கதவைத் திறடி ஆகிவிடுமோ என்பதுதான் அவள் பயம்.

மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்தவன், அப்பாடா என்று எதிரில் உட்கார்ந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. கட்டை அவிழ்த்தே விட்டாள்.

“என்னங்க, கோபப்படக் கூடாது. எனக்குச் சுளுக்கே கிடையாது.”

“தெரியும்.”

“எப்படி?”

“மறுநாளே நீ குளிச்சுட்டு வந்தப்போ, இடது கால் கட்டு வலது காலுக்கு மாறியிருந்துச்சு.”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அப்புறம் ஏன் பேசாம இருந்தீங்க?”

“அன்னிக்குத்தான் பாப்பா தூங்கி எழுந்ததும் முதல்முதலா ‘அப்பா’ன்னு கூப்பிட்டா. எப்பவும் உன்னைத்தானே தேடுவா?”

அவன் குனிந்து, தரையில் கிடந்த துணியை எடுத்தான்.

“கட்டு இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். இல்லேன்னா நான் மறுபடி சோபாவுல உட்கார்ந்துடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

துணியை உதறிப் பிரித்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

“சொல்லு, இந்த வாரம் எந்தக் கால்?”