முடிச்சுப் போட்ட ஒயர்

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே சொந்தப் பல்லும் இன்றைக்கே விழட்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன் ஒருவன். நாளெல்லாம் பெட்டியைத் திறந்து மூடுவதே பிழைப்பு என்பதால் 'பெட்டி டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவனை ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனாள் அந்த வீட்டு மகள். கல்யாணமாகிப் போனவள், எப்போதாவது பெற்றவர்களைப் பார்க்க வருகிறவள்.

படியேறும்போதே புலம்பல். முன்னறை ரூட்டரிலிருந்து கடைசி அறைக் கம்ப்யூட்டர் வரைக்கும் அப்பா ஒரு நீல ஒயர் இழுத்திருக்கிறாராம். எல்லாரையும் போலத் தரையோரமாக இழுத்தாலும் பரவாயில்லை, இடுப்பு உயரத்தில் சுவர் நெடுக அடித்திருக்கிறாராம். போகிற வருகிறவர்களின் பையெல்லாம் மாட்டுகிறதாம். ஊரெல்லாம் காற்றில் வருகிற நெட், இவருக்கு மட்டும் கயிற்றில்தான் வர வேண்டுமாம்.

வயர்லெஸ் கார்டு ஒன்றை அவளே வாங்கி வந்திருந்தாள். அதைப் பெட்டிக்குள் செருகிவிட்டு, ஒயரைப் பிடுங்கி எறிய வேண்டும். வேலை அவ்வளவுதான்.

"சிக்கி விழுந்து ஒருத்தர் படுத்துட்டா, அப்புறம் ரெண்டு பேரையும் தனியா விட முடியுமா? அம்மா என் வீட்டுக்கு, அப்பா அண்ணன் வீட்டுக்குன்னு பேசி வச்சிருக்கோம்."

நல்ல மனசுதான். ஆனால் பாத்திரம் பண்டம் பிரிக்கிற மாதிரி இருந்தது.

கிழவர் கதவிலேயே மறித்தார். "ஒயர்ல கை வச்சா மரியாதை கெட்டுடும். காத்துல வர்றது காத்தோட போயிடும்."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா சிரித்தாள். "விடுங்க தம்பி. என்னைக் கட்டின நாள்லேர்ந்து அவருக்கு எதையாவது கட்டிக்கிட்டே இருக்கணும்."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் என்று நினைத்தபடி பெட்டி டாக்டர் கடைசி அறைக்குப் போய் மூடியைக் கழற்றினான். கிழவர் பின்னாலேயே வந்து நின்றார்.

உள்ளே, கார்டைச் செருக வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு வயர்லெஸ் கார்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதன் ஆன்டெனா மேஜைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

அப்படியானால் இந்த ஒயர் எதற்கு?

மகளுக்கு போன் வந்து அவள் வெளியே போனாள். இவன் அறை வாசலுக்கு வந்து ஒயரைப் பார்த்தான். சமையலறை வாசலுக்கு முன்னால் ஒயரில் ஒரு முடிச்சு. குளியலறைக்கு முன்னால் இரண்டு. படுக்கையறைக்கு மூன்று. நெட் ஒயருக்கு எந்தப் பைத்தியக்காரன் முடிச்சுப் போடுவான்?

மகள் போன சத்தம் கேட்டதும் அம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். விரல்கள் ஒயரின் மேல் வழுக்கிக்கொண்டே வந்தன. பார்வை எங்கோ சுவருக்கு மேலே இருந்தது. முடிச்சு விரலில் தட்டுவதற்கு முன்பே சமையலறைக்குள் திரும்பிவிட்டாள்.

கிழவர் இவன் சட்டையைப் பிடித்து அறைக்குள் இழுத்தார்.

"முடிச்சுப் போட்டதும் நெட் செத்துப்போச்சு தம்பி. அதான் யாருக்கும் தெரியாம கார்டு போட்டுக்கிட்டேன். ஒயர் நெட்டுக்கு இல்ல." குரலைத் தாழ்த்தினார். "அவளுக்குக் கண்ணு போயிடுச்சு. பொண்ணு வந்தா மூட்டு வலின்னு சொல்லி நாற்காலியை விட்டே எழுந்திருக்க மாட்டா. விஷயம் தெரிஞ்சா அவ ஒரு வீடு, நான் ஒரு வீடு. இந்த வயசுல எங்களைப் பிரிச்சிடாதீங்க."

மகள் திரும்பி வந்தபோது மூடி மாட்டியாகியிருந்தது. அம்மா நாற்காலியில் இருந்தாள்.

"இந்தப் பெட்டிக்குக் கார்டு சேராதுங்க. எந்தக் கார்டும் சேராது. ஒயர்தான் கதி" என்றான் பெட்டி டாக்டர்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். டாக்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு நாடி பிடிக்கத் தெரியவில்லையே, உங்களைச் சொன்னவர்களைச் சொல்ல வேண்டும் என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, கார்டைக் கைப்பையில் திணித்துக்கொண்டு கதவை இழுத்துச் சாத்திப் போனாள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவனுக்கு அரைகுறை என்றே பெயர்.

கிழவர் உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தார். இவன் பையை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தான். ரூட்டர் பக்கத்தில், ஒயர் நுனியைப் பிடித்தபடி அம்மா நின்றிருந்தாள்.

"எல்லாத்தையும் கொட்டிட்டாரா?"

இவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

அவள் ஒயரை விட்டாள். அறையின் நடுவாக, எதையும் தொடாமல் நேரே நடந்து வந்து, தாழ்ப்பாளைத் தடவாமலே திறந்துவிட்டாள்.

"இந்த வீட்டுல எது எங்கேன்னு என் காலுக்குத் தெரியும் தம்பி. எனக்கு எதுக்கு ஒயர்? கடைசி ஆணியை அடிச்சு இறங்கினதும், 'இப்ப சரியா இருக்கா'ன்னு கேட்டார். அழுதுக்கிட்டே கேட்டார், எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு. அன்னையிலேர்ந்து பிடிச்சுக்கிட்டுதான் நடக்கிறேன்."

உள்ளே கிழவரின் காலடிச் சத்தம் கேட்டது. அவள் அவசரமாகச் சுவர்ப்பக்கம் போய் ஒயரைப் பிடித்துக்கொண்டாள்.

கேட்டதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த மகளை எங்காவது பார்த்தால் மூச்சு விடாதீர்கள். யார் சொன்னது என்று மற்றவர்கள் குடைந்தால், ஒயரில் வரவில்லை, காற்றில் வந்தது என்று சொல்லிவிடுங்கள்.