மைதிலி வீட்டுக் கப்புச்சினோ

காலை ஏழே முக்காலுக்குள் மைதிலி மூன்றாம் முறையாகப் பாலை நுரைக்க வைத்துவிட்டாள். புதுக் காப்பி மெஷின் சமையலறையில் சீறிக்கொண்டே இருந்தது.

“கடையில ஒரு கப்புச்சினோ நூத்தம்பது ரூவாங்க அக்கா. ஊட்டுல இருபதுல முடிஞ்சுது,” என்றாள் பக்கத்து வீட்டுச் சாரதாமணியிடம்.

“அப்ப நானும் எதுக்குப் புள்ள கடைக்குப் போறேன்? தெனமும் இங்கயே வந்தர்றேன்.”

போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருக்கும் சின்னுசாமி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். “கடைக்குத்தான் கெளம்பினேன், சாமி. வாசம் இங்க இழுத்துட்டு வந்துருச்சு.”

வீடேறி வந்தவரைக் காப்பி கொடுக்காமல் அனுப்புவது திருச்செங்கோட்டில் வழக்கமில்லை. மைதிலி நுரைமேல் ஓர் இலை வரைந்து நீட்டினாள்.

கணவன் கவின் அவளைச் சமையலறைக்குள் அழைத்துப் போனான்.

“போதும் மைதிலி. மெஷினைத் திருப்பிக் குடுத்தர்லாம்.”

“ஏனுங்க, மிச்சந்தானே புடிக்கறேன்?”

“இப்படியே போனா நாம நடுத்தெருவுக்கு வந்துருவோம்.”

“ரெண்டு டம்ளர் காப்பிக்கா?”

கவினின் போன் அடித்தது. காப்பி மாஸ்டரின் குரல் கூடம்வரை கேட்டது.

“மொதலாளி, கடை தொறந்து ஒரு மணி நேரமாச்சுங்க. வாடிக்கையா வர்றவங்க ஒருத்தரையும் காணோம்.”

கூடத்தில் சின்னுசாமி அவசரமாகக் கோப்பையை மறைத்தார்.

“சொந்தக் கடைக்கே போட்டியா, புள்ள?” என்றான் கவின்.

மைதிலி அவன் கையிலும் ஒரு கோப்பையை வைத்தாள்.

“பொண்டாட்டியே வந்தாலும் பில்லு போட்டுத்தான் காப்பின்னு கடை தொறந்த அன்னைக்குச் சட்டம் போட்டது ஆருங்க?”