சர்வேயரின் காலடி

சேற்றில் அந்தக் காலடி அத்தனை அழகாகப் பதிந்திருந்தது. வலது பாதம் முழுசாக. இடது பாதத்தில் விரல்கள் மட்டும்.

"சர்வேயரேதான் சார்! இடது காலை முழுசா ஊன மாட்டான்" என்றார் சார்ஜண்ட்.

லெப்டினன்ட் மண்டியிட்டுத் தொட்டுப் பார்த்தான். ஈரம் காயவில்லை. ஆள் போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

இந்த மலைகளை அங்குலம் அங்குலமாக அளந்தவன் சர்வேயர். ஒருநாள் அளவுச் சங்கிலியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்தான். அன்றிலிருந்து கிளர்ச்சிக்காரர்களுக்கு அவன்தான் தலைவன். அவனைப் பிடிப்பதற்கென்றே தலைமையகத்தில் மூன்று மாடிக் கட்டடம் எழுப்பி, லிஃப்டும் வைத்திருந்தார்கள். மலையேறித் தேடவோ ஒரு சார்ஜண்டும் எட்டுச் சிப்பாய்களும்தான்.

லெப்டினன்ட் வந்து ஆறு வாரம். "பிடிச்சா லீவு. பிடிக்கிற வரைக்கும் அந்தப் பேச்சே எடுக்காதே" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மனைவிக்கு இன்னும் பத்தொன்பது நாளில் பிரசவம். 'குழந்தை பிறக்குறதுக்குள்ள வந்துடுவீங்களா, இல்ல அது நடக்கக் கத்துக்கிட்டு உங்களைத் தேடி வரணுமா?' என்று எழுதியிருந்தாள்.

காலடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். லெப்டினன்ட் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நடந்தான். பின்னால் சிப்பாய்கள் துப்பாக்கி முனையில் ஈரக் காலுறைகளைக் காயப்போட்டுக்கொண்டு, போன வாரச் சீட்டாட்டத்தில் ஏமாற்றியது யார் என்று சண்டை போட்டபடி வந்தார்கள்.

"மெதுவாய்யா! எவனாவது பதுங்கியிருந்து சுட்டா?"

"சுட மாட்டாங்க சார்" என்று கொட்டாவி விட்டான் சமையல்காரச் சிப்பாய். ஓடையில் நின்று கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தான். மற்ற எல்லாரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள்.

பாறை வந்ததும் காலடி நின்றது. ஆறு வாரமாக எல்லாக் காலடியும் ஏதாவதொரு பாறையில்தான் போய் நின்றிருக்கிறது. அதுவும் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக.

லெப்டினன்ட் முதுகுப் பையைக் கழற்றிப் பாறைமேல் வைத்தான். "இனிமே முகாமுக்குத் திரும்பப் போறதில்ல. அவன் கிடைக்கிற வரைக்கும் இங்கயே படுப்போம். எனக்குப் பத்தொன்பது நாள்தான் இருக்கு, சார்ஜண்ட்."

சிப்பாய்கள் சார்ஜண்டைப் பார்த்தார்கள். அவர் பாறையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இதுவரை சொன்ன 'சார்' திடீரென்று காணாமல் போனது.

"உக்காருங்க தம்பி. எம் பொண்ணு இப்ப ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. போட்டோவுலதான் பார்த்திருக்கேன்."

"அதுக்கு?"

"சர்வேயர் செத்து அஞ்சு வருஷமாச்சு. மலைக்காய்ச்சல். குழி வெட்டினதே நாங்கதான்."

"அப்ப அந்தக் காலடி?"

"முறை போட்டு வைக்கிறோம். இன்னிக்குச் சமையலோட முறை. புதுசா வர்ற ஆபீசருங்க மனசு உடைஞ்சிடக் கூடாதில்ல?"

லெப்டினன்ட் அடிக்கக் கையை ஓங்கினான். ஓங்கிய கை பாதியில் நின்றது. செத்துவிட்டான் என்றால் தேடல் முடிந்தது. தேடல் முடிந்தால் லீவு. நாளைக்கு லாரி, மறுநாள் ரயில், அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தா! அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"மனசு ஏன்யா உடையணும்? இதைவிட நல்ல சேதி உண்டா? எடுங்க அந்த வயர்லெஸ்ஸை! செத்துட்டான்னு தலைமையகத்துக்கு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சதில்ல?"

வயர்லெஸ்ஸை யாரும் தொடவில்லை.

"அன்னிக்கே சொன்னோம் தம்பி" என்றார் சார்ஜண்ட். "தேடிக்கிட்டே இருங்கன்னுட்டாங்க."