ஐந்து கோல்ஃப் குச்சிகள்

நொலீனின் பழைய கார் நின்ற இடத்திலேயே உதறியது. ஏதோ ரப்பர் குழாய் வழியாக எஞ்சினுக்குள் காற்று கசிகிறது. மெக்கானிக் மெர்வ் ஐந்து குழாய்களையும் கழற்றி, எஞ்சினில் இருந்த துளைகளை, கோல்ஃப் பந்தைத் தாங்க மண்ணில் குத்தும் விரல்நீளக் குச்சிகளால் அடைத்தார். உதறல் நின்றது. குச்சியைப் பிடுங்கிக் குழாய்களை ஒவ்வொன்றாக மாட்ட, மூன்றாவதில் மறுபடி உதறியது.

"இந்தா, வெடிச்சுக் கிடக்கு பாரு."

"என் முழங்கால் மாதிரி."

"முழங்காலுக்கு மாத்துக் குழாய் என்கிட்ட இல்ல கண்ணு."

"சீக்கிரம் மெர்வ். மலை இறங்கி, பேத்தி கேக் வெட்டறதுக்குள்ள போகணும்."

புதுக் குழாய் போட்டு மூடியை அடித்துச் சாத்தினார். எஞ்சின் உதறாமல் சீராக உறுமியது. நொலீன் வாசலில் ஒருமுறை பிரேக் பிடித்து, கையசைத்துவிட்டுப் போனாள்.

மெர்வ் குச்சிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். நான்குதான் இருந்தன. பெஞ்சுக்கு அடியில் தேடினார். அப்புறம்தான் நினைவு வந்தது, ஐந்தாவது குச்சி இன்னும் எஞ்சினில், பிரேக்குக்குப் போகும் குழாயை மாட்ட வேண்டிய துளையிலேயே இருக்கிறது. பிரேக்கில் மிச்சமிருக்கும் உறிஞ்சுவிசையில் இரண்டு மிதி வழக்கம்போல் பிடிக்கும். மூன்றாவது மிதியில் பெடல் கல்லாகிவிடும்.

போனை எடுத்து அவளை அழைத்தார்.

பெஞ்சின் மேல், அவள் பாதி குடித்து வைத்த தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் அவளுடைய போன் அடித்தது.