சிங்கனும் கத்தரிக்கோலும்

குடும்பப் படம் எடுத்த அன்று, புகைப்படக்காரர் "அசையாதே" என்று அதட்டியதிலிருந்து சிங்கன் அசைந்ததே இல்லை. நாற்காலியில் இருந்த சபாபதியின் காலடியில், அவர் கை தன் தலைமேல் இருக்க, அந்த நாய் நாற்பது வருடமாக உட்கார்ந்திருந்தது.

அந்த வீட்டில் யாராவது இறந்தால் ஆல்பம் திறக்கும். மாலை போடும் படத்துக்காகக் கத்தரிக்கோல் வந்து அவர் முகத்தை வெட்டி எடுத்துப் போகும். படத்தில் நின்ற ஐந்து பேரில் இருவர் ஏற்கெனவே ஓட்டைகளாகிவிட்டார்கள்.

இன்று ஆல்பம் மறுபடி திறந்தது.

"யாருண்ணே?" என்றது சிங்கன், வாய் அசையாமல்.

"உன் ஆளுதான்," என்றது கத்தரிக்கோல். "மதியம் பொணம் எடுக்கறாங்க. அதுக்குள்ள படம் பெரிசாகி வரணும்."

"என்னையும் சேத்து வெட்டிடுங்கண்ணே. ஒரு ஓரமா இருந்துக்கறேன்."

"மாலை போடற படத்துல நாயா? வர்றவன் உன்னையில்ல கும்பிட்டுட்டுப் போவான்!"

"அப்ப அந்தக் கை?"

"கும்பிட முகம் போதும். பேசாம இரு, அவரு மூக்கு போயிடும்."

கத்தரிக்கோல் சபாபதியின் காதோரம் இறங்கி, தோளை ஒட்டி வளைந்து வந்தது. சிங்கன் கண்ணை மூடப் பார்த்தது. படத்தில் அது திறந்தே இருந்தது.

ஆல்பத்தை மூடும்போது நாற்காலியில் சபாபதியின் முகம் இல்லை. கை மட்டும் சிங்கனின் தலைமேல் இருந்தது.

இப்போதெல்லாம் சிங்கன் மூச்சுகூட விடுவதில்லை. அசைந்தால் அந்தக் கையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.