வேண்டாம் ஆஜர்

மறுபடியும் பெண்ணாகப் பிறந்ததால் அவளுக்கு வேண்டாம் என்று பெயர் வைத்தார்கள். அதை மாற்றத்தான் வழக்கு. "ஏதாவது நல்ல பேராப் போடுங்க சார்" என்றாள். அவள் போன பிறகு வக்கீல் மனுவில் பூங்கோதை என்று போட்டார். வருடக்கணக்காக வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் டவாலி, "வேண்டாம், வேண்டாம், வேண்டாம்" என்று கூவுவார். வராந்தா சிரிக்கும். அவள் எழுந்து போவாள். மூன்று முறை கூப்பிட்டும் எழாவிட்டால் வழக்கு தள்ளுபடி.

இன்று டவாலிக்கே அலுத்துவிட்டது. "பாவம்யா, இன்னைக்காவது அந்தப் பொண்ண நல்ல பேர்ல கூப்பிடுறேன்" என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"பூங்கோதை, பூங்கோதை..."

தூணில் சாய்ந்திருந்தவள், யார் எழுகிறார்கள் என்று எல்லோரையும் போலத் திரும்பிப் பார்த்தாள்.

"பூங்கோதை!"

"நல்ல பேரு" என்றாள் பக்கத்திலிருந்தவளிடம்.